வலையில் வந்தது விலாங்கா, பாம்பா?

(நமது பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற மீனவர் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையிலே பேச வருகிறவர்கள் பெரிய பொருளை எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டதோ, யாரும் கேட்காமலே நம் தூண்டிலிலும் கூட்டிலும் மடியிலும் வந்து விழுகிற ஒரு பிராணி. விலைக்குப் போகும் மீனை எதிர்பார்த்து இழுக்கிறோம்; நெளிந்து நெளிந்து ஒரு விலாங்கு வருகிறது. "சீ, இதுவா!" என்று முகம் சுளிக்கிறோம். இதைப் பற்றி ஒரு கூட்டத்திலே பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உயிர் போகிற காரியம் ஒன்று இருக்கிறது. ஆகவேதான் பேசத் துணிந்தேன்.

"பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு" என்று நம் நாட்டிலே ஒரு பேச்சு உண்டு. இரண்டு பக்கமும் சேர்ந்து நடிக்கிற மனிதனை அப்படிச் சொல்வார்கள். உண்மையில் விலாங்கு யாரையும் ஏமாற்றுவதில்லை. தலை முதல் வால் வரை அது மீன்தான். ஏமாறுவது நம் கண். அந்த ஏமாற்றம் கடற்கரையிலே இரண்டு விதமாக நடக்கிறது. விலாங்கைப் பாம்பு என்று எண்ணி அடித்துக் கொல்கிறோம். இது ஒரு தவறு. பாம்பை விலாங்கு என்று எண்ணிக் கையால் எடுக்கிறோம். இது அதனினும் பெரிய தவறு. முதல் தவறில் சாவது ஒரு மீன். இரண்டாவது தவறில் சாவது ஒரு குடும்பத் தலைவனாக இருக்கலாம். வலையில் மீன் பொறுக்குகிற பத்து வயதுச் சிறுவனாகவும் இருக்கலாம்.

விலாங்கு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதிலே பல ஜாதிகள் உண்டு. நம் மன்னார் வளைகுடாப் பக்கம் மூன்று விதங்களை அடிக்கடி காணலாம். முதலாவது அஞ்சாளை. இது பாரிலே, பவளப்பாறை இடுக்கிலே குடியிருப்பது. தடித்த உடல், புள்ளியோ வரியோ போட்ட தோல், எப்போதும் திறந்து திறந்து மூடுகிற வாய். அது நம்மைப் பயமுறுத்த வாய் திறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். வாய் வழியாகத் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியாக வெளியே தள்ளினால்தான் அதற்கு மூச்சு. இரண்டாவது, சேற்றுத் தரையிலே வாழும் கடல் விலாங்கு. வெள்ளி நிறம், நீண்ட மூக்கு, வாயின் மேலண்ணத்து நடுவிலேகூட வரிசையாகப் பற்கள். இரண்டு மீட்டர் நீளம் வரை வளரும். இது பெரும்பாலும் விசைப்படகின் இழுவலையிலும், அடியிலே போடும் நீண்ட தூண்டில் கயிற்றிலும் வரும். மூன்றாவது, ஆற்று விலாங்கு. குளத்திலும் ஆற்றிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிற இது, கழிமுகத்திலே சிலசமயம் நம் வலையில் சிக்கும்.

கேட்காத மீன் ஏன் நம்மைத் தேடி வருகிறது? விலாங்கு இரவிலே இரை தேடும். அதற்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. அறுத்துப் போட்ட சாளைத் துண்டின் வாசனை தண்ணீரிலே பரவியதும், பாரின் பொந்திலிருந்து அது புறப்பட்டுவிடும். களவாவுக்கும் ஊளிக்கும் போட்ட இரையை அது வந்து விழுங்கும். கூடு வைத்திருந்தால், உள்ளே அடைபட்டுத் துடிக்கிற மீனை நாடி அதுவும் நுழையும். ஆகவே, இரவிலே, பாரின் ஓரத்திலே, இரையைத் தரையோடு தரையாகக் கிடக்கவிட்டால் விலாங்கு வருவது இயற்கை. தூண்டிலைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திப் போட்டால் விலாங்கு படுவது குறையும்.

சரி, வந்துவிட்டது. வள்ளத்திலே விளக்கு வெளிச்சம் மங்கலாக இருக்கிறது. மடியைக் கொட்டியதும் குவியலுக்குள்ளே நீளமாக ஒன்று நெளிகிறது. அது விலாங்கா, கடற்பாம்பா? இதை எப்படிக் கண்டுகொள்வது?

நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட கடற்பாம்பு உண்டு; அதே வளையம் போட்ட விலாங்கும் உண்டு. கடித்துண்ண வரும் பெரிய மீன் பாம்பென்று பயந்து விலகட்டும் என்று இயற்கையே அதற்கு அந்த வேஷத்தைக் கொடுத்திருக்கிறது. பெரிய மீனே ஏமாறும்போது, மங்கிய வெளிச்சத்திலே நாம் ஏமாறாமல் இருப்போமா?

தோலைப் பாருங்கள். பாம்புக்கு உடல் முழுவதும் செதிள் அடுக்கு தெரியும். விலாங்கின் தோலிலே செதிள் தெரியாது. வழுவழுவென்று கொழுப்புப் பூசியதுபோல் இருக்கும். தலைக்குப் பின்னால் பாருங்கள். விலாங்கு மீன் ஆனபடியால் இரண்டு பக்கமும் செவுள் துவாரம் இருக்கும். பாம்புக்கு அது கிடையாது. பாம்பு நம்மைப்போல் காற்றைச் சுவாசிப்பது. முதுகைப் பாருங்கள். அஞ்சாளைக்கும் கடல் விலாங்குக்கும் முதுகு நெடுகிலும் ஒரு மெல்லிய துடுப்பு நாடாபோல் ஓடி, வாலைச் சுற்றி அடிவயிறு வரை வரும். பாம்புக்குத் துடுப்பே இல்லை. அதன் வால் மட்டும் படகுத் துடுப்பின் அலகுபோல் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். நாக்கை நீட்டினால் சந்தேகமே வேண்டாம். இரட்டை நாக்கு பாம்புக்குத்தான்.

இதையெல்லாம் தள்ளி நின்று, விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். கையில் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பாடம் அல்ல இது. நிச்சயமாகத் தெரியவில்லையா? அப்படியானால் பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கழியினாலோ கொக்கியினாலோ தூக்கிக் கடலிலே விட்டுவிடுங்கள். ஒரு விலாங்கு கைவிட்டுப் போனால் நஷ்டம் சொற்பம்.

இனி, கடி. பெரியோர்களே, இந்த இடத்திலே உங்கள் முழுக் கவனத்தையும் கேட்கிறேன். விலாங்கு கடித்தால் சதை கிழியும், இரத்தம் கொட்டும், உயிர் போகிறாற்போல் வலிக்கும். கடற்பாம்பு கடித்தால் பல சமயம் வலியே இருக்காது. ஊசி குத்தியதுபோல் இரண்டொரு சின்னப் புள்ளி. வீக்கமில்லை, எரிச்சலில்லை. "ஏதோ முள் குத்தியது" என்று கையை உதறிவிட்டு வேலையைப் பார்ப்பான். வலிக்கிற கடி பெரும்பாலும் கொல்லாது. வலிக்காத கடியே கொல்லும். நாம் இயல்பாக நினைப்பதற்கு இது நேர்மாறு. இதனால்தான் ஆட்கள் சாகிறார்கள்.

கடற்பாம்பின் நஞ்சு தசையைத் தாக்குகிறது. அரைமணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், தொடை எங்கும் வலியும் விறைப்பும் வரும். வாயைத் திறக்க முடியாது. இமை தானாகத் தொங்கும். நாக்கு தடிக்கும். பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாக, கறுத்த காப்பி நிறத்திலே போகும். சிதைந்த தசையின் சத்து இரத்தத்திலே கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதற்கு அது அடையாளம். கவனிக்காமல் விட்டால் மூச்சு நிற்கலாம், சிறுநீரகம் கெடலாம், இருதயமும் நிற்கலாம்.

மலேசியாவிலுள்ள பினாங்குத் தீவிலே அலிஸ்டேர் ரீட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1950-களிலும் 1960-களிலும் கடற்பாம்பு கடித்த மீனவர்களுக்கு வைத்தியம் செய்து, அதைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். அவர் கண்டது நமக்கு ஆறுதலும் எச்சரிக்கையுமாக இருக்கிறது. கடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு நஞ்சு ஏறுவதே இல்லை அல்லது மிகச் சொற்பமாகவே ஏறுகிறது. ஆகவே பயத்தினால் ஒருவர் நிலைகுலைய வேண்டியதில்லை. ஆனால், யாருக்கு ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று கடித்த நேரத்திலே கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

இன்னொரு செய்தி. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலே கொடுக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை முறிக்கச் செய்யப்பட்டது. கடற்பாம்பின் நஞ்சுக்கு உரிய மருந்து ஆஸ்திரேலியாவிலே தயாராகிறது. "அப்படியானால் மருத்துவமனைக்குப் போய் என்ன பயன்?" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம் கொடுக்கவும், சிறுநீரகம் நின்றால் இயந்திரத்தினால் இரத்தத்தைச் சுத்தம் செய்யவும் அங்கேதான் வழி உண்டு. உடலே நஞ்சை வென்றெடுக்கும் வரை அந்த உதவி உயிரைத் தாங்கி நிற்கும். ஆகவே, இந்த வசதிகள் உள்ள பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும். "கடித்தது கடற்பாம்பு" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லவும் வேண்டும்.

கடித்த உடனே என்ன செய்வது? கடித்த இடத்தைக் கத்தியால் கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். ஆளைப் படுக்க வையுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகைத் துண்டோடு சேர்த்துத் துணியால் சுற்றி, அசையாமல் வையுங்கள். நடக்கவிடாதீர்கள். கடலிலே இருந்தால் தொழிலைப் போட்டுவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணிலும், கரையிலே ஆம்புலன்ஸ் வண்டியை 108 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அன்றைய பாடு போனால் நாளைக்குப் பிடித்துக்கொள்ளலாம்; ஆள் போனால் போனதுதான்.

விலாங்கு கடித்தால் வேறு முறை. அதன் பற்கள் உள்பக்கமாக வளைந்திருப்பதால், பயந்து கையை வெடுக்கென்று இழுத்தால் சதை பிய்ந்துவிடும். அஞ்சாளைக்குத் தொண்டைக்குள்ளே இரண்டாவது தாடை ஒன்று உண்டு. இரையைக் கவ்வியதும் அந்தத் தாடை முன்னால் வந்து பிடித்து உள்ளே இழுக்கும். இதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007-ஆம் ஆண்டிலேதான் உலகுக்கு எடுத்துக்காட்டினார்கள். அப்படிப்பட்ட பிடி அது. தலையை அழுத்திப் பிடித்து, குறடு அல்லது கட்டையால் தாடையை விலக்கிய பிறகே கையை எடுக்க வேண்டும். காயத்தைச் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்தி, மருத்துவரிடம் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அந்த வாயின் கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும். மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

தூண்டிலில் வந்த விலாங்கை எப்படிக் கழற்றுவது? தங்கூசி நரம்பிலே தொங்கவிட்டால் அது சுழன்று சுழன்று தன்னையே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்; நரம்பும் வீண், கையும் வீண். ஆகையால் ஈரச் சாக்கிலே இறக்குங்கள். முள் வெளியே தெரிந்தால், சாக்கோடு சேர்த்துப் பிடித்து, நீள மூக்குக் குறட்டால் கழற்றுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் வாயருகிலே நரம்பை வெட்டிவிடுங்கள். ஒரு முள்ளுக்காக ஒரு விரலைப் பணயம் வைக்க வேண்டாம். குவியலிலே அசையாமல் கிடக்கிறதே, செத்துவிட்டது என்றும் நம்பிவிடாதீர்கள். ஈரத் தோல் உள்ள வரை விலாங்கு தண்ணீருக்கு வெளியே நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். பெண்களும் பிள்ளைகளும் கரையிலே மீன் பிரிக்கும்போது, முதலில் ஒரு குச்சியால் குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டு, பிறகு கை வைப்பதை வழக்கமாக்குங்கள்.

அறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலாங்கின் பச்சை இரத்தத்திலே நஞ்சு உண்டு. இத்தாலிய அறிஞர் ஆஞ்செலோ மோஸ்ஸோ 1888-ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். அந்த இரத்தம் கண்ணிலோ கைப்புண்ணிலோ பட்டால் எரிச்சல் எடுக்கும். உடனே கழுவிவிட வேண்டும். நன்றாகக் கொதிக்கவைத்தால் அந்த நஞ்சு அழிந்துவிடும். ஆனால் பவளப்பாறையிலே வாழும் மிகப் பெரிய அஞ்சாளையின் உடலிலே, சமைத்தாலும் போகாத வேறொரு நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். பசிபிக் தீவுகளிலே அதைத் தின்று பலர் நோய்ப்பட்டிருக்கிறார்கள். ஆகவே பெரிய அஞ்சாளையை, முக்கியமாக அதன் ஈரலையும் குடலையும், சட்டியில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. சேற்றுத் தரைக் கடல் விலாங்கு அப்படியல்ல. பாம்பு போலிருக்கிறது என்று நம்மில் சிலர் அதை அடுப்பிலே ஏற்றுவதில்லை. ஜப்பானிலே கியோட்டோ நகரத்தார் அதன் இனத்தையே கோடைகாலத்து உயர்ந்த விருந்தாக, நுண்ணிய முட்களைக் கத்தியால் நொறுங்க வெட்டிப் பக்குவம் செய்து உண்கிறார்கள். அதன் காற்றுப்பையை உலர்த்தினால் சீனருடைய சூப்புக்காக நல்ல விலை போகிறது. நாம் கழிவு என்று எறிவது பிறருக்குக் கனமான பண்டமாக இருக்கிறது.

வேண்டாத விலாங்கை அடித்துக் கொல்வானேன்? ஆற்று விலாங்கின் கதையைக் கேளுங்கள். அது எங்கே பிறக்கிறது என்று நெடுங்காலம் உலகத்துக்கே தெரியவில்லை. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், அது சேற்றிலிருந்து தானாகத் தோன்றுகிறது என்று எண்ணினார். 1896-இல் இத்தாலிய அறிஞர் கிராஸ்ஸி, கடலிலே கிடைக்கும் கண்ணாடி இலைபோன்ற ஒரு சிறு பிராணிதான் விலாங்கின் குஞ்சு என்று கண்டு சொன்னார். டென்மார்க் நாட்டு யோஹன்னஸ் ஷ்மித் 1904 முதல் கடல் கடலாக அலைந்து, ஐரோப்பிய விலாங்கு 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் சர்காசோ கடலிலே பிறக்கிறது என்று 1922-இல் முடிவு கூறினார். நம் நாட்டு ஆற்று விலாங்கும் இந்தியப் பெருங்கடலின் ஆழத்திலே, சுமத்ரா தீவுக்கு மேற்கே பிறக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கிருந்து மிதந்து வந்து, ஆறு ஏறி, பல ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை முட்டையிடத் திரும்பிக் கடலுக்குப் போய், அங்கேயே மடிகிறது. வழியிலே எத்தனை அணை, எத்தனை வலை! கழிமுகத்திலே நம் கையில் படுகிற பெரிய விலாங்கு, அநேகமாக அந்தக் கடைசிப் பயணத்துக்குப் புறப்பட்டதாக இருக்கும். அதை விட்டுவிட்டால் ஆயிரமாயிரம் முட்டையை விட்டுவிட்டோம்.

அஞ்சாளையும் நமக்கு விரோதி அல்ல. செங்கடலிலே ஆராய்ந்த ரெடுவான் பிஷாரியும் அவருடைய கூட்டாளிகளும் 2006-இல் ஓர் அதிசயத்தை எழுதினார்கள். களவா மீன் அஞ்சாளையின் பொந்துக்குப் போய்த் தலையை ஆட்டிக் கூப்பிடுகிறது. அஞ்சாளை வெளியே வந்து அதனோடு கூட்டாக வேட்டைக்குப் போகிறது. பாரின் இடுக்கிலே ஒளிந்த மீனை அஞ்சாளை துரத்துகிறது; வெளியே ஓடி வந்தால் களவா பிடிக்கிறது. நாம் விரும்புகிற களவாவுக்கு நாம் வெறுக்கிற அஞ்சாளை துணைவனாக இருக்கிறது!

கடைசியாக, நம் வாசலிலேயே உள்ள ஒரு பாடம். தூத்துக்குடிக் கடலிலே வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்று நான்கு தீவுகளைச் சொல்வார்கள். விலாங்கின் பெயரைத் தாங்கிய அந்த விலாங்குச்சல்லி இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் என்று ஆண்டாண்டு காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் போயிற்று, மணல் கரைந்தது, தீவு மூழ்கிற்று. 1986-ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியக் கடல் பூங்கா என்று அரசு அறிவித்தது. அந்த இருபத்தொன்றிலே இரண்டு இன்று நீருக்குள் கிடக்கின்றன. பார் போனால் அஞ்சாளை போகும். அஞ்சாளை போன இடத்திலே களவாவும் நில்லாது. களவா இல்லாத கடலிலே நம் பிள்ளைகள் எதற்கு வலை போடுவார்கள்?

கடற்பாம்பையும் கொல்ல வேண்டாம். அதுவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலிலே இருக்கிறது. அது நம்மைத் துரத்தி வந்து கடிப்பதில்லை. வலையிலே நசுங்கி, மூச்சுக்குத் தவித்து, கை பட்டபோது கடிக்கிறது. கழியால் எடுத்துக் கடலில் விடுங்கள், போதும்.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, என் வேண்டுகோள் மூன்றே. தெரியாததைக் கையால் தொடாதீர்கள். வலிக்காத கடியை அலட்சியம் செய்யாதீர்கள். வேண்டாததை உயிரோடு திரும்ப விடுங்கள். இந்த மூன்றையும் இன்று இரவு வீட்டிலே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பள்ளிக்கூடப் பாடத்திலே இது இராது. கடலுக்குப் போகிற தகப்பனும் மீன் பிரிக்கிற தாயும்தான் சொல்ல வேண்டும். ஒரு வீட்டிலாவது இதனால் ஓர் உயிர் காப்பாற்றப்படுமானால், இந்த ஜூபிலி ஆண்டிலே நான் நின்று பேசியதற்குப் பலன் கிடைத்ததென்று மகிழ்வேன்.